கீரைக்கட்டில் காரீயம்: ஆய்வக அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொண்ட கதை

நம் இதழுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டபோது, பஞ்சகவ்யம் பற்றியும் மூடாக்கு பற்றியும் எழுத என்னைவிடத் தேர்ந்தவர்கள் நம் இயக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் பட்ட ஒரு பாட்டை எழுதுகிறேன் என்றேன். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு மண்வெட்டியைப் பிடித்தவன் நான். வண்டியூருக்குக் கிழக்கே, சுற்றுச்சாலையை ஒட்டி இரண்டரை ஏக்கர். நெல், வாழை, கொஞ்சம் கீரை, கத்திரி. ஊரில் இன்றைக்கும் நான் ‘பேங்க் சார்’தான்.

போன வருஷம் ஆடி மாதம், மதுரையில் நம் கீரையை வாங்கும் இயற்கை அங்காடிக்காரத் தம்பி போன் செய்தார். “சார், தப்பா நினைக்காதீங்க. கைக்குழந்தை வச்சிருக்கிற ஒரு அம்மா, பூச்சிமருந்து இல்லைங்கிறீங்க சரி, காரீயம், காட்மியம் எல்லாம் பார்த்திருக்கீங்களான்னு கேக்குறாங்க. எனக்குப் பதில் தெரியலை.” எனக்கும் தெரியவில்லை. ரசாயனமே போடாத நிலத்தில் காரீயம் எங்கிருந்து வரும் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்கூட வந்தது. சரி, சோதித்துக் காட்டிவிடுவோம் என்று மறுநாள் காலையில் ஓர் ஓரத்துப் பாத்தியில் இரண்டு பிடி அரைக்கீரையை அறுத்து, தினத்தாளில் சுற்றி, ஒரு தனியார் ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்பினேன்.

இந்த ஒரு வரியில் எத்தனை தப்பு இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. காரீயம்: ஒரு கிலோவுக்கு 1.9 மில்லிகிராம். உலக அளவில் உணவுத் தரம் வகுக்கும் கோடெக்ஸ் குழு இலைக் காய்கறிகளுக்கு வைத்திருக்கும் வரம்பு 0.3. ஆறு மடங்கு! அங்காடித் தம்பிக்கு மறைக்காமல் அனுப்பினேன். “இந்த வாரம் கீரை வேணாம் சார்” என்று பதில் வந்தது. அவர் மேல் குற்றமில்லை. என் பேரனுக்கு அப்போது நாலு வயது. வாரம் மூன்று நாள் இந்தக் கீரைதான் அவனுக்குக் கடைந்து கொடுப்போம். காரீயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கும், வளரும் மூளையைக் கெடுக்கும், பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்துதான் வங்கிப் புத்தி வேலை செய்தது. ஒரு வவுச்சரில் தொகை மட்டும் பார்த்துப் பாஸ் செய்வோமா? தேதி, கையெழுத்து, எந்தக் கணக்கு, எந்தத் தலைப்பு எல்லாம் பார்ப்போம். அறிக்கையிலோ ஓர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இடிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மேகி வழக்கு ஞாபகம் இருக்கும். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கியில் 2014-இல் எடுத்த ஒரு மாதிரியில் காரீயம் 17.2 பி.பி.எம். இருப்பதாகக் கொல்கத்தாவிலுள்ள மத்திய உணவு ஆய்வகம் சொன்னது. வரம்பு 2.5. அடுத்த வருஷம் ஜூன் 5-ஆம் தேதி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க அந்த நூடுல்ஸை நிறுத்தியது. அதே சமயத்தில் தமிழ்நாட்டிலும் தடை வந்தது. ஆகஸ்ட் 13-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கம்பெனியின் தரப்பைக் கேட்காமல் தடை போட்டது ஒரு காரணம். சோதித்த ஆய்வகங்களுக்கு அந்தச் சோதனைக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பது இன்னொரு காரணம். பிறகு நீதிமன்றம் சொன்னபடி மொஹாலி, ஹைதராபாத், ஜெய்ப்பூர் என்று அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் சோதித்தார்கள். எல்லா மாதிரிகளிலும் காரீயம் வரம்புக்குள் இருந்தது. அந்த நூடுல்ஸை நான் சாப்பிடுவதுமில்லை, அதற்கு வக்காலத்து வாங்க வரவுமில்லை. ஆனால் ஓர் எண்ணை நம்பி ஒரு தேசமே ஒரு முடிவு எடுத்தது, அந்த எண்ணை எப்படி எடுத்தார்கள் என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் பதில் நிற்கவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனி வக்கீல் வைத்துக் கேட்டது. நம் கேள்வியை நாமேதான் கேட்டாக வேண்டும்.

அறிக்கையை மறுபடி எடுத்தேன். கீழ்க் கோடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எழுத்தில், ‘உலர் எடை அடிப்படையில்’ என்று இருந்தது. பக்கத்தில் ஈரப்பதம் 87 சதவீதம். என்ன அர்த்தம்? நூறு கிராம் கீரையில் 87 கிராம் தண்ணீர். அதைக் காயவைத்தால் நிற்பது 13 கிராம் பொடி. அந்தப் பொடியின் கிலோவுக்குத்தான் 1.9. வரம்பான 0.3 என்பதோ சந்தைக்கு வரும் பச்சைக் கீரைக்கு. ஆக 1.9-ஐ 0.13-ஆல் பெருக்க வேண்டும். விடை 0.247. வரம்புக்குள்தான்.

அப்பாடா என்று உட்கார முடியாது. எந்த அளவீட்டுக்கும் ஒரு முன்பின் உண்டு. அதைக் கேட்டபோது இருபது சதவீதம் என்றார்கள். அப்படியானால் உண்மை எண் 0.20-க்கும் 0.30-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. வரம்பின் வாசற்படியில் நிற்கிற கணக்கு. முருங்கை இலைப் பொடி விற்கிற நண்பர்கள் இதைத் தலைகீழாகக் கவனிக்க வேண்டும். நீங்கள் விற்பதே உலர்ந்த பொருள். பச்சை இலையில் இருந்த உலோகம் முழுக்க அந்தக் கொஞ்ச எடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆய்வகத்துக்குள் என்ன நடக்கிறது?

வேதியியல் படித்த ஒரு பழைய நண்பரைப் பிடித்து, ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து பார்த்தேன். எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

கீரையைக் கழுவி, 60, 70 டிகிரி சூட்டில் எடை குறைவது நிற்கும் வரை உலர்த்துகிறார்கள். பிறகு அரைக்க வேண்டும். வீட்டு மிக்ஸியில் அரைத்தால் எவர்சில்வர் பிளேடிலிருந்து குரோமியமும் நிக்கலும் பொடியில் சேர்ந்துவிடலாம். அதனால் அகேட் கல்லில் செய்த சின்னக் கல்வம். அரைத்த பொடியில் அரை கிராம் மட்டும் எடுத்து, டெஃப்ளான் குப்பியில் போட்டு, அடர் நைட்ரிக் அமிலமும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஊற்றி, இறுக்கி மூடி, அதற்கென்றே உள்ள மைக்ரோவேவ் அடுப்பில் சுமார் 200 டிகிரி வரை ஏற்றுகிறார்கள். நார், பச்சையம், மாவுச்சத்து எல்லாம் வாயுவாகப் போய்விடும். உலோகம் எரிந்து போகாது, அமிலத்தில் கரைந்து நிற்கும். தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும் அந்தக் கரைசலைச் சுத்த நீர் விட்டு 50 மில்லியாக்குகிறார்கள். முன்பெல்லாம் உலையில் சாம்பலாக்கித்தான் செய்வார்களாம். அதில் பாதரசமும் ஆர்சனிக்கும் ஆவியாகிப் போய், இருந்தும் இல்லாததாகக் காட்டிவிடும்.

கரைசலை அளக்கப் பெரும்பாலும் இரண்டு கருவிகள். ஒன்று ஏ.ஏ.எஸ். என்கிற அணு உட்கவர் நிறமாலைமானி. ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் என்பவர் 1955-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்தது. ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு தனி விளக்கு. காரீயத்துக்கான விளக்கு, காரீய அணு மட்டுமே விழுங்கும் ஒளியைத் தரும். கரைசலைச் சூடாக்கி அணுவாக்கி, அந்த ஒளிக்கு முன் நிறுத்தினால், எவ்வளவு ஒளி குறைந்ததோ அவ்வளவு காரீயம். இன்னொன்று ஐ.சி.பி.-எம்.எஸ். ஆர்கன் வாயுவை ஆயிரக்கணக்கான டிகிரிக்குக் கொதிக்கவிட்டு, அதற்குள் கரைசலைத் தெளித்து, வரும் அணுக்களை எடை பிரித்து ஒவ்வொன்றாக எண்ணுகிற கருவி. காசாளர் நோட்டு எண்ணுவது மாதிரி. அதிலும் கள்ள நோட்டு உண்டு. ஆர்சனிக்கின் எடை 75. ஆர்கனின் 40-ம் குளோரினின் 35-ம் ஒட்டிக்கொண்டாலும் 75. உப்புத் தண்ணீரில் விளைந்த பொருளில் குளோரைடு கூடுதலாக இருந்தால், இல்லாத ஆர்சனிக் இருப்பதாகத் தெரியும். அதைப் பிரித்தெடுக்க, நடுவில் ஹீலியம் வாயு நிரப்பிய ஒரு அறை வைத்திருக்கிறார்கள். என் கிணறும் உப்புக் கிணறுதான். அதனால் இதை இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன்.

இப்போது ஒரு கணக்கு. அரை கிராம் பொடியில் ஒரு மைக்ரோகிராம் காரீயம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, வெளியிலிருந்து விழுந்துவிட்டது என்று வையுங்கள். அறிக்கையில் அது கிலோவுக்கு 2 மில்லிகிராமாக வந்து நிற்கும். என்னைத் தூங்கவிடாத 1.9-ஐக் கண்ணுக்கே தெரியாத ஒரு தூசு காட்டிவிட முடியும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956-இல் அளந்து சொன்ன அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் முதலில் முட்டிக்கொண்ட இடம் இதுதான். பாறையில் இருப்பதைவிட அவருடைய அறையின் காற்றிலும் கண்ணாடிக் குப்பியிலும் காரீயம் அதிகமாக இருந்தது. தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வடிகட்டிய காற்று விட்டு, அறையையே சுத்தமாக்கிய பிறகுதான் அளக்க முடிந்தது. அந்தக் காரீயமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போய்த்தான், பெட்ரோலில் காரீயம் கலப்பதற்கு எதிராக அவர் ஆண்டுக்கணக்கில் போராடினார். நம் நாட்டில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-இல்தான் நின்றது. அதுவரை புகையில் வந்தது சாலையோர மண்ணில் அப்படியேதான் கிடக்கிறது. காரீயம் மட்காது, ஆவியாகாது.

தூசு விழுந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஆய்வகத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. கீரையே போடாமல், அமிலத்தை மட்டும் அதே குப்பியில், அதே அடுப்பில் வைத்து அளப்பார்கள். வெற்று மாதிரி என்று பெயர். அதில் வருவதைக் கழிக்க வேண்டும். இன்னொன்று, இவ்வளவு காரீயம் இருக்கிறது என்று முன்னமே சான்றளிக்கப்பட்ட இலைப் பொடியோ அரிசி மாவோ வாங்கி வைத்திருப்பார்கள். அதையும் கூடவே அளந்தால் சரியான எண் வர வேண்டும். மூன்றாவது, நம் கீரையிலேயே தெரிந்த அளவு காரீயத்தைச் சேர்த்து, சேர்த்தது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பது. நூறு போட்டால் தொண்ணூறாவது வர வேண்டும். எனக்கு இதெல்லாம் மாலை நேரக் கணக்கு டேலி மாதிரியே பட்டது. டேலி ஆகாத நாளில் நாங்கள் வீட்டுக்குப் போனதில்லை.

நம்மில் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிறவர்கள் இருப்பீர்கள். மஞ்சளுக்கு வேறு கருவி போதும். வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்கை மெருகேற்றும் இடங்களில், பளிச்சென்று தெரிய லெட் குரோமேட் என்ற சாயத்தைத் தடவுவதை 2019-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். அரசு கையில் பிடிக்கிற எக்ஸ்ரே கருவியோடு சந்தையில் இறங்கியது. பொடியின் மேல் கருவியை வைத்தால் ஓரிரு நிமிடத்தில் காரீயம் தெரிந்துவிடும், அமிலம் வேண்டாம். 2019-இல் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த கலப்படம் 2021-இல் ஒன்றில்கூட இல்லை. மஞ்சளில் கலப்படக் காரீயம் நூற்றுக்கணக்கான பி.பி.எம். வரும், அதனால் அந்தக் கருவி போதும். கீரையில் 0.3-ஐத் தேட அது உதவாது. எந்த அளவைத் தேடுகிறோமோ அதற்குத் தக்க தராசு. நெல் எடை போடும் தராசில் தங்கம் நிறுக்க முடியாது.

கீரை அறுக்கும் அக்கா சொன்னது

கீரை அறுக்க வரும் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: “ரோட்டோரப் பாத்திக் கீரையக் கழுவுனா தண்ணி கறுப்பா ஓடும் சார். உள்பாத்திக் கீரைக்கு மண்ணு நெறந்தேன் வரும்.” வருஷக்கணக்காக அவர் கை பார்த்து வந்ததை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதை வைத்துத்தான் இரண்டாவது தடவை மாதிரி எடுத்தோம். சாலையோரப் பாத்தி ஒன்று, சாலையிலிருந்து நூற்றைம்பது அடி உள்ளே ஒன்று. ஒவ்வொன்றிலும் வளைந்து வளைந்து நடந்து பன்னிரண்டு இடத்தில் பிடிப்பிடியாக எடுத்து, ஒன்றாகக் கலந்து, இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதியைக் கழுவவில்லை. மறு பாதியை வீட்டில் கழுவுவது போல மூன்று தண்ணீரில் அலசி, கடைசியில் கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த நீரில் ஓர் அலசு. துருப்பிடித்த அரிவாள் வேண்டாம் என்று எவர்சில்வர் கத்தி. துத்தநாகம் பூசிய தகர வாளிக்குப் பதில் பிளாஸ்டிக் தொட்டி. அச்சு மை படக்கூடாது என்பதால் தினத்தாளும் இல்லை, புது பாலித்தீன் பை. பையின் மேல் பாத்தியின் பெயர் எழுதாமல் எண் மட்டும்.

நாலு மாதிரி ஆனது. ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தேன். கழுவிய சாலையோரக் கீரையையே இன்னொரு எண் போட்டு, வேறு மாதிரி போல அனுப்பினேன். வங்கியில் திடீர்த் தணிக்கை வருகிற மாதிரி. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விடை வந்தால் அந்த ஆய்வகத்தை நம்பலாம். இந்த முறை வேறொரு ஆய்வகம். பச்சை எடை அடிப்படையில் தாருங்கள் என்று எழுத்தில் கேட்டுக்கொண்டேன்.

கழுவாத சாலையோரக் கீரையில் காரீயம் 0.24. கழுவியதில் 0.08. அதன் ரகசிய இரட்டையில் 0.09. உள்பாத்தியில் கழுவாதது 0.10, கழுவியது 0.05. காட்மியமோ எல்லாவற்றிலும் 0.05, 0.06 என்று ஒரே மாதிரி. அதற்குக் கோடெக்ஸ் வரம்பு 0.2.

ஒற்றை எண்ணில் கிடைக்காத கதை ஐந்து எண்ணைப் பக்கம் பக்கமாக வைத்தால் கிடைக்கிறது. காரீயம் கழுவினால் போகிறது, சாலைக்கு அருகில் கூடுகிறது. எனவே அது பெரும்பாலும் இலைமேல் படிந்த தூசு. பொதுவாகவே காரீயம் வேரைத் தாண்டி இலைக்கு அதிகம் ஏறாது. காட்மியம் கழுவினாலும் போகவில்லை, இடத்துக்கு இடம் மாறவும் இல்லை. அது மண்ணிலிருந்து வேர் வழியாக இலைக்குள்ளேயே ஏறியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு திருடர்கள், வேறு வேறு வாசல்.

வரம்பை எந்த நிலையில் உள்ள பொருளுக்குப் பார்ப்பது என்பதும் முக்கியம். ஐரோப்பிய விதியில் கழுவி, உண்ணும் பாகத்தைப் பிரித்த பிறகுதான் வரம்பு பொருந்தும் என்றே எழுதியிருக்கிறது. நாம் அனுப்பும்போது கழுவினோமா இல்லையா என்பது அறிக்கையில் இல்லாவிட்டால் அந்த எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது.

காட்மியம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். மூன்று வருஷத்துக்கு முன் கண்மாய் வண்டல் இருபது லோடு அடித்திருந்தேன். ஊரே அடித்தது. வண்டல் என்றால் தங்கம் என்று தாத்தா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தாத்தா காலத்துக் கண்மாயில் மழைத்தண்ணீர்தான் நின்றது. இப்போது நகரத்துச் சாக்கடையும் சேர்கிறது. மிச்சம் கிடந்த வண்டலையும் வண்டல் படாத ஒரு மூலை மண்ணையும் சோதித்தேன். காட்மியம் வண்டலில் இரண்டரை மடங்கு. என் கிணற்று உப்பும் கைகொடுத்திருக்கிறது. குளோரைடு உப்பு காட்மியத்தை மண்ணிலிருந்து இளக்கிச் செடிக்குக் கொடுக்கும். நல்லவேளையாக என் மண் காரத்தன்மை உள்ளது, மட்கும் நிறைய. இரண்டும் அதைப் பிடித்துவைக்கும். புளித்த மண்ணாக இருந்தால் இன்னும் ஏறியிருக்கும்.

மண்வள அட்டை கையில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அதில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் உண்டு. காரீயமும் காட்மியமும் இல்லை. அதிலும் போரானைத் தவிர மற்ற நான்கின் அளவு, டி.டி.பி.ஏ. கரைசலில் இரண்டு மணி நேரம் குலுக்கி, செடிக்குக் கிடைக்கக்கூடியதை மட்டும் பிரித்து அளப்பது. அமிலத்தில் கரைத்து எடுக்கும் மொத்த அளவோடு அதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

இயற்கை இடுபொருள்தானே என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவற்றையும் பார்க்க வேண்டும். ராக் பாஸ்பேட் நமக்கு அனுமதிக்கப்பட்டது. பாஸ்பேட் பாறையோடு காட்மியமும் சேர்ந்தே பிறக்கிறது, சுரங்கத்துக்குச் சுரங்கம் அளவு மாறும். மயில்துத்தம் போட்ட போர்டோ கலவை தெளித்தால் தாமிரம் வருஷா வருஷம் மண்ணில் சேரும். நகரக் குப்பை உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரம்பு இருக்கிறது: கிலோவுக்குக் காரீயம் 100, காட்மியம் 5, குரோமியம் 50 மில்லிகிராம். வரம்புக்குள் இருந்தால் போதுமா? காட்மியம் 5 உள்ள உரத்தை ஏக்கருக்கு ஐந்து டன் போட்டால், நிலத்தில் இறங்குவது 25 கிராம் காட்மியம். ஓர் ஏக்கரின் மேல் அரையடி மண் சுமார் 9 லட்சம் கிலோ. வகுத்தால் கிலோவுக்கு 0.028 மில்லிகிராம். சின்ன எண்தான். பத்து வருஷம் போட்டால் 0.28. மாசு படாத பல மண்களில் இருக்கும் மொத்தக் காட்மியமே அந்த அளவுதான். போட்டுக்கொண்டே இருக்கலாம், எடுக்கவே முடியாத வைப்புக் கணக்கு இது.

நெல் போடுகிறவர்களுக்கு ஒரு சேதி. தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் காட்மியம் கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கும், ஆனால் ஆர்சனிக் இளகி நெல்லுக்கு ஏறும். காயவிட்டால் இது மாறிவிடும். நம்முடைய காய்ச்சலும் பாய்ச்சலும் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. உங்கள் மண்ணில் எது அதிகம் என்று தெரிந்தால்தான் எப்போது காயவிடுவது என்று முடிவு செய்ய முடியும். அரிசியைச் சோதிக்கக் கொடுத்தால் மொத்த ஆர்சனிக் எவ்வளவு, அதில் கனிம ஆர்சனிக் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். விஷம் அதிகம் உள்ளது கனிம வடிவம்தான். தீட்டிய அரிசிக்குக் கோடெக்ஸ் வைத்திருக்கும் 0.2 வரம்பும் அதற்குத்தான்.

இன்னொன்று, வீட்டுக்குள்ளே. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்துக்கு நிற்கிறது. பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். அதில் காரீயம் கலந்து விற்றால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, புளித்தண்ணீர் அதை நன்றாகக் கரைக்கும். நிலத்தைத் திருத்திவிட்டு அடுப்படியில் கோட்டை விடக் கூடாதே என்று எங்கள் வீட்டுச் சொம்பைப் பரணில் ஏற்றிவிட்டேன். என் மனைவிக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

சோதனைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் ஆய்வகத்துக்குப் பொதுவாக இருந்தால் போதாது, நீங்கள் கொடுக்கும் பொருளுக்கும் நீங்கள் கேட்கும் உலோகத்துக்கும் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். உங்களால் உறுதியாக அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவு என்ன என்று கேளுங்கள். அது 0.5 என்று சொன்னால், 0.3 வரம்புள்ள கீரையை அங்கே கொடுப்பது வீண். ‘கண்டறியப்படவில்லை’ என்று அச்சடித்துத் தருவார்கள், 0.4 இருந்தாலும் அதே வார்த்தைதான். பச்சை எடையா உலர் எடையா, முன்பின் எவ்வளவு, வெற்று மாதிரியும் சான்று பெற்ற மாதிரியும் கூட ஓட்டினீர்களா என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறிடம் போங்கள். கடையில் வாங்கிய உணவின் மேல் சந்தேகம் என்றால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவு, வாங்கினவரே கட்டணம் கட்டிச் சோதிக்க உரிமை தருகிறது. மதுரையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது.

செலவு கையைக் கடிக்கும், உண்மைதான். ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனிக் காசு. தனியாகச் செய்வதைவிட, ஒரே கண்மாய்ப் பாசனத்தில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து தண்ணீர், வண்டல், ஒரு கீரை என்று சோதித்தால் பங்கு குறையும். எங்கள் பக்கத்தில் மூன்று பேர் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும், “தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம் பேங்க் சார், வித்த நெலத்த வாங்கிக்குவாங்களா?” என்றார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

சாலையோரம் முப்பது அடிக்குக் கீரையை நிறுத்திவிட்டேன். அங்கே இப்போது வாழை. அதற்கும் வெளியே ஆடாதொடையும் நொச்சியும் நெருக்கமாக நட்டு வேலி எழுப்புகிறோம். தூசு அதில் தங்கட்டும். வண்டல் அடிப்பது நின்றது. வண்டல் படாத அந்த மூலையில்தான் பேரனுக்குக் கீரை. அங்காடித் தம்பிக்கு இரண்டு அறிக்கைகளையும், அந்த 1.9-ஐயும் சேர்த்தே, கொடுத்தேன். உள்பாத்திக் கீரையை மட்டும் எடுத்துக்கொள்கிறார். கட்டோடு சேர்த்து, மூன்று தண்ணீரில் அலசுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறோம். கேள்வி கேட்ட அந்த அம்மாவும் திரும்ப வாங்குகிறாராம். அடுத்த மாதிரி தை மாதம், மழை ஓய்ந்த பிறகு எடுக்கப் போகிறோம். வேலி வளர்ந்த பிறகு சாலையோரத்து எண் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு இடங்களுக்கும் குச்சி நட்டு அடையாளம் வைத்திருக்கிறோம். இந்தத் தடவை எந்தப் பையை இரட்டையாக்குவது என்பதை அக்காவே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.